மேசையில் ஏழு தாள்: தலைமையாசிரியரின் திறனை எதைக் கொண்டு அளப்பது?

அதிகாரி ஆய்வுக்கு வருகிறார் என்று தெரிந்துவிட்டால் பள்ளிக்கூடத்தில் சுவருக்கு முன்பாகப் பதிவேட்டுக்குத்தான் வெள்ளையடிப்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன் பாக் நீரிணைக் கரையில் ஒரு பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான் பெற்றோர் உறுப்பினராக இருந்தேன். ஒரு நாள் மாலை தீர்மானப் புத்தகம் வீட்டுக்கே வந்தது. நடக்காத இரண்டு கூட்டங்களுக்கு, நடந்ததாகக் கையெழுத்துப் போட்டேன். கொண்டுவந்த ஆசிரியை தலையைக் குனிந்தபடியே நின்றார். நானும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மறுநாள் ஆய்வு நல்லபடியாக முடிந்தது. தலைமையாசிரியருக்குப் பாராட்டும் கிடைத்தது. அதே ஆண்டு ஏழாம் வகுப்பிலிருந்து இரண்டு பையன்கள் நின்றுபோனார்கள். அதுவும் பதிவேட்டில் தப்பில்லாமல் எழுதப்பட்டிருந்தது. தேதி, காரணம், கையெழுத்து எல்லாம் உண்டு. அந்த வீடுகளுக்கு யாராவது போனார்களா என்று கேட்கத்தான் கட்டம் இல்லை.

தலைமையாசிரியர்களின் தலைமைத் திறனை மதிப்பிட வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் அந்தத் தீர்மானப் புத்தகம்தான் என் நினைவுக்கு வருகிறது. மதிப்பிட வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. எதைக் கொண்டு மதிப்பிடுவது என்பதில்தான் வழக்கு.

ஒரு தலைமையாசிரியரால் அவ்வளவு வேறுபாடு வந்துவிடுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வரும். அமெரிக்காவில் கிரிசம், எகலைட், லிண்ட்சே ஆகிய மூவர் 2021-இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். நூறு பள்ளித் தலைவர்களைத் திறன்படி வரிசையாக நிறுத்தி, கீழிருந்து 25-ஆம் ஆளை எடுத்துவிட்டு 75-ஆம் ஆளை அமர்த்தினால், அந்தப் பள்ளியின் சராசரி மாணவர் ஓராண்டில் கணக்கிலும் வாசிப்பிலும் ஏறத்தாழ மூன்று மாதப் படிப்பு அதிகமாகப் பெறுகிறார் என்பது அவர்கள் கணக்கு. நல்ல ஆசிரியர் ஒருவர் தம் வகுப்பில் செய்யும் மாற்றம் இதைவிடப் பெரிது. ஆனால் அது ஒரு வகுப்போடு நின்றுவிடும். தலைமையாசிரியருடையது பள்ளி முழுக்கப் பரவும். அந்த எண்ணை அப்படியே தூக்கிவந்து நம் ராமநாதபுரம் கரையில் இருக்கும் வாலிநோக்கத்தில் இறக்கிவைக்க முடியாதுதான். இருந்தாலும் நாற்காலியில் யார் உட்கார்கிறார் என்பதற்கு எடை உண்டு என்ற அளவில் ஏற்கலாம்.

நாற்காலிக்கு வரும் வழி

நம் அரசுப் பள்ளிகளில் அந்த நாற்காலிக்குப் பெரும்பாலும் பணிமூப்பு வழியாகத்தான் போகிறார்கள். இருபது, இருபத்தைந்து ஆண்டு வகுப்பறையில் நின்றவர், பட்டியலில் பெயர் வந்ததும் பதவி உயர்வுக் கலந்தாய்வில் காலியிடம் பார்த்து ஆணை வாங்கிக்கொண்டு வருகிறார். வெள்ளிக்கிழமை வரை இயற்பியல் நடத்தியவர் திங்கட்கிழமை முதல் சம்பளப் பட்டியல், கட்டடப் பழுது, ஆசிரியர்களுக்குள் மனத்தாங்கல், சத்துணவு முட்டைக் கணக்கு எல்லாவற்றுக்கும் பொறுப்பு. பணிமூப்பை நான் இழிவாகப் பேசவில்லை. சிபாரிசும் பணமும் புகாமல் தடுத்த சுவர் அது. அதை இடித்துவிட்டுத் 'தகுதி' என்ற பெயரில் என்ன வரும் என்று ஆசிரியர் சங்கங்கள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நல்ல ஆசிரியராக இருப்பதும் நல்ல தலைமையாசிரியராக இருப்பதும் ஒரே திறன் என்ற எண்ணம் அந்தச் சுவரின் நிழலிலேயே வளர்ந்துவிட்டது.

சின்னப் பள்ளிகளில் கதை வேறு. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். பிள்ளைகள் 150-ஐத் தாண்டினால்தான் அவர்களுக்கு மேல் தனியாக ஒரு தலைமையாசிரியர். அதாவது ஈராசிரியர் பள்ளியில் பெரிய சார் என்பவர், கூட இருப்பவர் விடுப்பு எடுத்த நாளில் ஐந்து வகுப்புக்கும் ஒரே ஆசிரியர். அவரிடம் போய்த் 'தொலைநோக்குத் திட்டம்' எழுதச் சொல்வதில் ஒரு குரூரம் இருக்கிறது.

நம் கரையில் உதவிபெறும் பள்ளிகளும் உண்டு. தங்கச்சிமடம் பக்கம் கத்தோலிக்கச் சபையின் பள்ளிகள், கீழக்கரையில் இசுலாமியப் பெருமக்கள் நிறுவியவை. அங்கே தலைமையாசிரியரைத் தேர்வது நிர்வாகம். கேரளப் பள்ளி ஒன்றின் வழக்கில் 1998-இல் உச்ச நீதிமன்றம், சிறுபான்மை நிர்வாகம் தான் விரும்பும் தகுதியுள்ளவரைத் தலைமையாசிரியராக அமர்த்தலாம், பணிமூப்பு அதைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. பள்ளி என்ற சக்கரத்தில் தலைமையாசிரியர்தான் குடம், ஆரக்கால்கள் எல்லாம் அவரைப் பற்றியே சுழல்கின்றன என்ற பொருளில் அந்தத் தீர்ப்பில் ஒரு வாக்கியம் வரும். வண்டிச் சக்கரம் பார்த்தவர்களுக்கு அந்த உவமை புரியும். குடம் தேய்ந்திருப்பது வெளியே தெரியாது. வண்டி ஆடும்போதுதான் தெரியும்.

கடல் வகுக்கும் கால அட்டவணை

தலைமைத் திறன் எங்கும் ஒன்றுதான் என்று சொல்கிற கேள்வித்தாள்களோடு எனக்கு முதல் பிணக்கு இங்கேதான். பரமக்குடியில் ஒரு பள்ளியை நடத்துவதும் பாம்பனில் நடத்துவதும் ஒன்றல்ல. மாவட்டம் ஒன்று, ஆணை ஒன்று, பாடநூல் ஒன்று. ஆனால் பாம்பனில் பள்ளியின் கால அட்டவணைக்கு அடியில் கடலின் கால அட்டவணை ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம். பள்ளிக்கூடம் வழக்கமாக ஜூன் முதல் வாரங்களில் திறந்துவிடும். படகில் கூலிக்குப் போகும் குடும்பத்தின் கையில் காசு வறண்டு கிடக்கும் நேரம் அது. கடன் வாங்கித்தான் புது நோட்டு வாங்க வேண்டும். அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணம் எதற்கு எதற்கென்று ஓடும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்த வாரத்தில் எந்தப் பெயரிலாவது பணம் கேட்டுப் பிள்ளையை வீட்டுக்குத் திருப்பி அனுப்பும் தலைமையாசிரியர், பதினைந்தாம் தேதிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லும் தலைமையாசிரியர் – இருவரின் பதிவேடும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

ராமேசுவரத்தில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு மற்ற நாட்கள் என்ற ஏற்பாடு நெடுங்காலமாக இருக்கிறது. எந்த வீட்டில் எந்தக் கிழமை அப்பா இருப்பார் என்பது இதை வைத்துத்தான். மன்னார் வளைகுடாப் பக்கம் அம்மாமார் பாசி எடுக்கத் தீவுகளை நோக்கி விடியலிலேயே இறங்கிவிடுவார்கள்; அன்றைக்கு மூத்த பெண்தான் தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை ஒரு படகைப் பிடித்துக்கொண்டு போனால், மறுநாள் அந்தத் தெருப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் இடம் காலியாக இருக்கும். இதில் எதையும் தலைமையாசிரியர் மாற்ற முடியாது. ஆனால் எதிர்பார்க்க முடியும். வெளியூரிலிருந்து ஆணை வாங்கி வந்து, அடுத்த மாறுதல் கலந்தாய்வுக்கு நாள் எண்ணிக்கொண்டிருப்பவருக்கு இந்தக் கணக்கு பிடிபடும் முன்பே பெட்டி கட்டும் நேரம் வந்துவிடுகிறது.

(இந்தக் கரையில் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதிவிட்டுக் கலாமைக் கொண்டுவராமல் முடிக்க முடியாது என்பார்கள். இந்த அடைப்புக்குறியோடு கடன் தீர்ந்தது.)

கையில் இருக்கும் கோல்கள்

எளிதாகக் கைக்கு எட்டுவது தேர்ச்சி விழுக்காடு. 2024-இல் பத்தாம் வகுப்புத் தேர்வில் ராமநாதபுரம் மாவட்டம் 96.36 விழுக்காட்டுடன் மாநிலத்தில் மூன்றாம் இடம் பிடித்தது. பின்தங்கிய மாவட்டம் என்றே பேர் வாங்கிய மண்ணுக்கு அது சின்னப் பெருமை அல்ல. ஆனால் ஒரு பள்ளியின் தேர்ச்சியில் அந்த ஆண்டுத் தலைமையாசிரியரின் பங்கைப் பிரித்தெடுக்க முடியுமா? பிள்ளையின் அடித்தளம் தொடக்கப் பள்ளியில் போடப்பட்டது. கணக்கு ஆசிரியர் முந்தைய தலைமையாசிரியர் காலத்தில் வந்தவர். இவர் வந்தே எட்டு மாதம்தான். இன்னொன்றும் உண்டு, மேடையில் யாரும் பேசமாட்டார்கள். தேறமாட்டான் என்று தோன்றும் பையனை ஒன்பதாம் வகுப்பிலேயே மெல்ல வேறு வழிக்குத் திருப்பிவிட்டால் நூற்றுக்கு நூறு கிடைத்துவிடும். அந்தப் பையனுக்கு ஐஸ் கம்பெனியில் வேலை கிடைக்கும். பள்ளிக்குக் கேடயம் கிடைக்கும்.

இரண்டாவது கோல், கூட இருப்பவர்களிடம் கேட்பது. பிலிப் ஹாலிஞ்சர் 1980-களின் தொடக்கத்தில் உருவாக்கிய கேள்வித்தாள் இன்றும் பல நாடுகளில் புழங்குகிறது. மூன்று பகுதி, பத்துப் பணிகள், ஐம்பது கேள்விகள். இலக்கைத் தெளிவாகச் சொல்கிறாரா, கற்பித்தலைக் கவனிக்கிறாரா, வகுப்பு நேரத்தை மற்ற வேலைகள் தின்னாமல் காக்கிறாரா என்று போகும். தலைமையாசிரியர் தமக்குத் தாமே போடும் மதிப்பெண்ணைவிட ஆசிரியர்கள் போடும் மதிப்பெண்ணையே நம்பலாம் என்பது இதைப் பயன்படுத்தியவர்கள் கண்டது. அதற்கு ஆய்வு தேவையா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பின்னால் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் சார்ந்தவர்கள் 72 கேள்விகளோடு ஒன்று செய்தார்கள். தலைமையாசிரியர், ஆசிரியர்கள், மேலதிகாரி என மூன்று தரப்பும் பதில் சொல்ல வேண்டும். அதில் எனக்குப் பிடித்த அம்சம் ஒன்று: மதிப்பெண் போடும் முன், எதை வைத்து இப்படிச் சொல்கிறீர்கள் – நேரில் பார்த்தீர்களா, பிறர் சொன்னதா, ஆவணமா – என்று குறித்தாக வேண்டும். இதை நம் ஊரில் கட்டாயமாக்கினால் பாதிக் கட்டங்கள் வெறுமையாகவே திரும்பி வரும். அது நல்லதுதான்.

நம் நாட்டிலும் கோல் இல்லாமல் இல்லை. பள்ளித் தலைமைக்கென்று ஒரு தேசிய மையம் 2012-இல் தில்லியில் அமைந்தது. தன்னை வளர்த்துக்கொள்வது, கற்றல்-கற்பித்தலை மாற்றுவது, குழுவைக் கட்டுவது, ஊரோடு உறவு என்று அதன் பாடத்திட்டம் விரிகிறது. 2015-இல் வந்த 'சாலா சித்தி' என்ற தேசிய மதிப்பீட்டுத் திட்டம் பள்ளியை ஏழு களங்களில் பார்க்கிறது. தலைமையும் மேலாண்மையும் அதில் ஒன்று, ஊரின் பங்கேற்பு இன்னொன்று. ஒவ்வொன்றிலும் பள்ளி மூன்று நிலைகளில் எந்த நிலையில் நிற்கிறது என்று முதலில் பள்ளியே குறிக்க வேண்டும். பிறகு வெளியிலிருந்து ஒருவர் வந்து சரிபார்ப்பார்.

தாளில் இது குறையில்லாத ஏற்பாடு. நடைமுறையில் என்ன ஆகும் என்பதற்கு மத்தியப் பிரதேசம் ஒரு பாடம். அங்கே பள்ளிகளை மதிப்பிட்டு, தரவரிசை தந்து, ஒவ்வொரு பள்ளிக்கும் மேம்பாட்டுத் திட்டம் எழுதவைத்து, தொடர்ந்து கண்காணிக்கும் திட்டம் ஒன்றைக் கார்த்திக் முரளிதரனும் அபிஜித் சிங்கும் பெரிய அளவில் சோதித்து 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். மதிப்பீடுகள் ஒழுங்காக நடந்திருந்தன, திட்டங்கள் எழுதப்பட்டிருந்தன, கூட்டங்கள் பதிவாகியிருந்தன. ஆசிரியர் வருகை மாறவில்லை. கற்பிக்கும் முறை மாறவில்லை. பிள்ளைகளின் கற்றலும் இருந்த இடத்திலேயே இருந்தது. எல்லோரும் அதை இன்னொரு தாள் வேலையாகவே எடுத்துக்கொண்டார்கள். அந்த முடிவைப் படித்தபோது என் தீர்மானப் புத்தகத்துக்குத் தொலைதூரத்தில் உறவுக்காரர்கள் கிடைத்தது போல் இருந்தது. அதே மாதிரித் திட்டம் வெற்றி என்று கருதப்பட்டுப் பல லட்சம் பள்ளிகளை நோக்கி விரிந்தது என்பது கதையின் மிச்சம்.

ராமநாதபுரத்துக்கு இதில் கூடுதல் சுமை. 2018-இல் மத்திய அரசு வகுத்த, முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலில் தமிழகத்திலிருந்து சேர்ந்த இரண்டில் இது ஒன்று, மற்றது விருதுநகர். அந்தத் தரவரிசையில் நூற்றுக்கு முப்பது பங்கு கல்விக்கு. சென்னைக்கு ஒரு கணக்கு, தில்லிக்கு ஒரு கணக்கு. மாநிலக் கல்வித் துறை பள்ளி விவரங்களைத் திரட்டும் எமிஸ் இணையதளத்தில் எண்களை ஏற்றுவதற்கே தலைமையாசிரியரின் முற்பகல் போய்விடும் நாட்கள் உண்டு. செல்போன் சிக்னலுக்காக மாடிப்படியில் நின்று தரவு ஏற்றிய ஒருவரை எனக்குத் தெரியும். அந்த விடாமுயற்சியும் திறன்தான். தலைமைத் திறனா என்பது வேறு.

வகுப்பறையைச் சுற்றிவருவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல தலைமையாசிரியர் அறையில் உட்காரமாட்டார், வராந்தாவில் நடந்துகொண்டே இருப்பார் என்பது நம் எல்லோரின் நம்பிக்கை. மயாமியில் சுமார் நூறு பள்ளித் தலைவர்களின் நாளைக் கூடவே இருந்து குறித்துப் பார்த்த ஓர் ஆய்வு 2013-இல் வந்தது. வகுப்புக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் நேரம் கூடிய பள்ளிகளில் கற்றல் கூடவில்லை, குறைவாகக்கூட இருந்தது. ஆசிரியரோடு உட்கார்ந்து, இந்தப் பாடத்தை இப்படி நடத்திப் பாருங்கள் என்று பயிற்றிய நேரம் கூடிய இடங்களில்தான் பலன். இப்போதும் பல ஆய்வுப் படிவங்களில் கேட்கப்படுவது எத்தனை வகுப்புகளைப் பார்வையிட்டார் என்ற எண்தான்.

ஏழு தாள்

எனக்கு நம்பிக்கை தரும் கோல் பழையது, அதிகம் பேசப்படாதது. 1950-களில் அமெரிக்க விமானப்படை அதிகாரிகளைச் சோதிக்க ஒரு முறை உருவானது. ஒரு பதவிக்காரரின் மேசையில் காலையில் வந்து குவியும் கடிதங்கள், குறிப்புகள், புகார்களை அப்படியே செய்துவைப்பார்கள். எதிரில் அமர்பவர் குறித்த நேரத்துக்குள் ஒவ்வொன்றுக்கும் என்ன செய்வேன் என்று எழுத வேண்டும். தபால் கூடைச் சோதனை என்று சொல்லலாம். பின்பு தொடக்கப் பள்ளித் தலைவர்கள் 232 பேரிடம் இதைச் செய்து பார்த்து, 1962-இல் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. 1975 முதல் அமெரிக்க மேல்நிலைப் பள்ளி முதல்வர்களின் தேசியச் சங்கம் இதையே மையமாக்கி மதிப்பீட்டு மையங்களை நடத்தியது. பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர்கள் கூடவே இருந்து பார்ப்பார்கள். சிக்கலின் வேரைப் பிடிப்பது, தீர்ப்பு, ஒழுங்கமைவு, பிறர் மனம் உணர்வது, பேச்சு, எழுத்து, தன் பலமும் பலவீனமும் அறிவது என்று திறன்களைத் தனித்தனியாகக் குறிப்பார்கள். மதிப்பீடு முடிந்தபின் கையில் வருவது வெறும் மதிப்பெண் மட்டுமல்ல; எதில் பயிற்சி வேண்டும் என்ற குறிப்பும் கூடவே வரும்.

இதன் வலிமை, நாற்காலியில் உட்காரவைக்கும் முன்பே பார்க்க முடிவது. பணிமூப்புப் பட்டியலைத் தொடாமலே, பதவி உயர்வுக்கும் பொறுப்பேற்புக்கும் நடுவில் இதைப் பயிற்சியாக வைக்கலாம். குறையும் உண்டு. செலவு பிடிக்கும், தாளில் கெட்டிக்காரராக இருப்பவர் கரையில் தடுமாறலாம். தாள்கள் எங்கோ எழுதப்பட்டவையாக இருந்தால் பலனே இல்லை.

அதனால் நம் கரைக்கென்று ஏழு தாள் எழுதிப் பார்த்தேன். காலை ஒன்பது மணி, கார்த்திகை மாதம், உயர்நிலைப் பள்ளி. முதல் தாள்: எமிஸ் விவரம் பதினோரு மணிக்குள் வேண்டும் என்று அலுவலகச் செய்தி. இரண்டாவது, அறிவியல் ஆசிரியர் மருத்துவ விடுப்பு. மூன்றாவது, நேற்று இரவு ஒரு விசைப்படகு பிடிபட்டது. நம் பள்ளிப் பிள்ளைகள் மூவரின் அப்பாக்கள் அதில் இருக்கிறார்கள். நான்காவது, மதிய உணவுக்கு கேஸ் தீர்ந்துவிட்டது என்று சமையலர் எழுதிய சீட்டு. ஐந்தாவது, மைதானத்தை விழாவுக்குக் கேட்டு ஊர்ப் பெரியவர்களின் கடிதம். ஆறாவது, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஆறு நாளாக வரவில்லை, அப்பா நாட்டுப்படகுக்காரர், வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கிறது என்று வகுப்பாசிரியையின் குறிப்பு. ஏழாவது, பாம்பனில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டிருக்கிறது.

பணியில் இருப்பவர்கள் சிலரிடம் காட்டினேன். பெரும்பாலோர் முதல் தாளைத்தான் முதலில் எடுத்தார்கள். பதினோரு மணிக் கெடு அப்படி. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்த ஒரு தாளுக்குத்தான் மறுநாள் விளக்கம் கேட்டு வருவார்கள், ஆறாவது தாளுக்கு எந்த அலுவலகத்திலிருந்தும் கெடு வராது. ஒருவர் மூன்றாவதை எடுத்து, அந்த மூன்று பிள்ளைகளும் வந்திருக்கிறார்களா, சாப்பிட்டார்களா என்று பார்ப்பேன் என்றார். இன்னொருவர் முதல் தாளைக் கணினி தெரிந்த ஆசிரியரிடம் கொடுத்துவிட்டு எழுந்துவிடுவேன் என்றார்.

கடைசியாக, ஓய்வு பெற்று உச்சிப்புளிப் பக்கம் இருக்கும் ஓர் அம்மாவிடம் கொண்டுபோனேன். மூன்று கரையோரப் பள்ளிகளில் பெரிய டீச்சராக இருந்தவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஏழையும் ஒருமுறை படித்தார்.

"இது என்ன கிழமை?" என்றார்.

கிழமை எழுதவில்லை என்றேன்.

"விசைப்படகு கடலுக்குப் போவது திங்கள், புதன், சனி. நேற்று இரவு பிடிபட்டது என்றால் இன்று செவ்வாய், இல்லாவிட்டால் வியாழன். ஞாயிற்றுக்கிழமை உங்கள் பள்ளிக்கூடம் இல்லையே. அப்படியானால் நாட்டுப்படகுக்கு இன்று முறை." ஏழாவது தாளை எடுத்து மறுபடி பார்த்தார். "கூண்டு ஏற்றினால் கடலுக்குப் போக டோக்கன் கொடுக்க மாட்டார்கள். அந்தப் பெண்ணின் அப்பா இன்றைக்கு வீட்டில்தான் இருப்பார். கூண்டு இறங்கி அடுத்த முறை வந்துவிட்டால் இருக்கமாட்டார்."

முதலில் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குத் தகவல் சொல்லிவிட வேண்டும் என்றார். பிறகு வகுப்பாசிரியையை அழைத்துக்கொண்டு பத்து மணிக்குள் அந்த வீட்டு வாசலில் நிற்க வேண்டும். போகிற வழியில்தான் படகு பிடிபட்ட தெருவும் இருக்கும், அங்கேயும் ஒரு வார்த்தை பேசிவிட்டு வரலாம். ஏழு தாளையும் தட்டி ஒழுங்காக்கி, எமிஸ் செய்தியை அடியில் செருகி என்னிடம் நீட்டினார். கேஸுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"விறகு இருக்கும்" என்றார்.